வெப்பச் சேமக்கலத்தின் வரலாறு

தில்லியிலோ கான்பூரிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் தங்கள் முதற் குளிர்காலத்தை எளிதில் மறப்பதில்லை. ஊரில் இருந்தவரை ஆற்றிலும் கிணற்றடியிலும் குளித்துப் பழகியவர்கள் நாம். வெந்நீர் நோயாளிக்கும் குழந்தைக்குமே உரியது என்ற எண்ணத்தோடு வந்தவர்கள், தை மாதத்து விடியல் ஒன்றிலேயே அதனைக் கைவிட்டோம். வீட்டில் ஐந்து பேர். ஐவரும் ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே குளித்தாக வேண்டும். அடுப்போ ஒன்று. அதே வேளையில் சமையலும் ஆக வேண்டும். ஆகவே இல்லத்தரசி நான்கரை மணிக்கே எழுந்து, பெரிய செம்புத் தவலையில் நீரைக் காய்ச்சி மூடி, மேலே சாக்கை மடித்துப் போட்டு வைத்தாள். அதன் பின்னர் அடுப்பு சோற்றுக்கு ஒழிந்தது. குளிப்பவர் தம் விருப்பம்போல் மொண்டு கொண்டனர். இப்போது பெரும்பாலான வீடுகளில் மின்சார கீசர் வந்துவிட்டது. அதனுள்ளும் இருப்பது ஒரு தவலையே.

நெருப்பு எரியும் நேரம் வேறு, வெப்பம் வேண்டப்படும் நேரம் வேறு என்று பிரித்து வைப்பதே அந்தத் தவலை செய்த பணி. ஐரோப்பிய நாடுகளின் பெரும் மின்நிலையங்கள் இதே பணியைச் செய்யும் கலங்களை எவ்வாறு பெற்றன என்பதும், ஒரு காரணத்துக்காகக் கட்டப்பட்ட அக்கலங்கள் பின்னர் கட்டியவர் நினைத்திராத மற்றொரு காரணத்துக்கு எவ்வாறு உதவின என்பதும் சுவையான வரலாறு. அதனையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் நிலையத்தின் அமைப்பைச் சற்று விளங்கிக் கொள்ள வேண்டும். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் சாதாரண நிலையத்தில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரையே மின்சாரமாகிறது. எஞ்சியதில் ஒரு சிறு பகுதி புகைபோக்கி வழியே செல்ல, பெரும் பகுதி ஆற்றுநீரிலோ கடல்நீரிலோ குளிர்விக்கும் கோபுரங்களின் ஆவியிலோ கரைந்து போகிறது. இந்த வீணான வெப்பத்தைக் குழாய் வழியே நகரத்துக்கு அனுப்பி வீடுகளைச் சூடாக்கினால் என்ன? அப்படிச் செய்யும் நிலையத்தை இருபயன் நிலையம் என்று இக்கட்டுரையில் அழைப்போம். நன்கு அமைந்த இருபயன் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேலும் பயன்படுகிறது.

உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சர்க்கரை ஆலைகளைக் கண்ட அன்பர்களுக்கு இம்முறை புதிதன்று. அங்குக் கரும்புச் சக்கையை எரித்துக் கொதிகலத்தில் நீராவி உண்டாக்குகின்றனர். அந்த நீராவி முதலில் சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பின்னர் அழுத்தம் குறைந்த நிலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சும் கலங்களுக்குச் செல்கிறது. சாறு காய்வது நின்றால் நீராவிக்குப் போக்கிடம் இல்லை. சுழலியும் ஓட இயலாது. சர்க்கரை ஆலையில் இது பெரிய இடையூறாவதில்லை. ஏனெனில் அரைவைப் பருவத்தில் காய்ச்சும் வேலை இரவு பகலாக நடக்கும். நகரத்தின் நிலையோ வேறு. மக்கள் அதிகாலையில் எழுந்ததும் அறையின் சூட்டையும் வெந்நீரையும் ஒருங்கே நாடுகின்றனர். மின்சாரமோ தொழிற்சாலைகள் ஓடும் பகலிலும், விளக்கேற்றும் மாலையிலும் மிகுதியாக வேண்டப்படுகிறது. ஒரே அடுப்புக்கு இரண்டு எசமானர் வாய்த்தனர். இருவரும் வெவ்வேறு நேரத்தில் மணியடித்தனர். இருபயன் நிலையத்தின் தொல்லை முழுவதும் இதுவே.

தொடக்க காலத்தவர் இத்தொல்லையை அவ்வளவாக உணரவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் என்னும் ஊரில் 1877-ஆம் ஆண்டில் பிர்ட்சில் ஹோலி என்பவர் ஒரு பொதுக் கொதிகலத்திலிருந்து பல வீடுகளுக்குக் குழாய் வழியே நீராவி வழங்கிக் காட்டினார். அது வெப்பம் மட்டுமே, மின்சாரம் இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய பிரெடரிக்ஸ்பெர்க் நகரத்தார் 1903-ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்றனர். நகரத்துக் குப்பையைக் கொட்ட இடமின்றித் தவித்த அவர்கள் அதனை எரித்து, அந்த வெப்பத்தால் மின்சாரமும் எடுத்து, அருகே புதிதாக எழுந்த மருத்துவமனைக்குச் சூடும் வழங்கினர். குப்பை எரியும்போது கிடைத்ததைக் கொடுத்தனர். அளவு சிறிதாயிருந்ததால் நேரத்தைப் பற்றிய கவலை பெரிதாக எழவில்லை.

கவலை முதலில் எழுந்த இடம் நகரமன்று, ஆலை. சுவீடன் நாட்டில் மரக்கூழும் காகிதமும் செய்யும் ஆலைகள் பல. கூழைப் பதப்படுத்தும் கலங்கள் திடீரென்று பெருமளவு நீராவியை இழுத்துக் கொள்ளும். சிறிது நேரத்தில் ஒன்றும் வேண்டாமல் ஓய்ந்து கிடக்கும். கொதிகலத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒரு வேளை வெறிகொண்டு கரியைத் தள்ளுவான். மறுவேளை மிஞ்சிய ஆவியை வானில் விடுவான். இந்த அவலத்துக்கு மருந்து கண்டவர் ஜோஹன்னஸ் ரூத்ஸ் என்னும் சுவீடிஷ் பொறியாளர். 1879-இல் பிறந்து 1935-இல் மறைந்த அவர், 1910-களில் ஒரு நீராவிச் சேமக்கலத்தை அமைத்தார். மிக எளிய பொருள் அது. தடித்த எஃகினால் ஆன நீண்ட உருளை. அதனுள் பெரும்பகுதி அழுத்தத்தின்கீழ் நிற்கும் சூடான நீர். நீராவி மிஞ்சும்போது அதனை இந்த நீருக்குள் செலுத்தினால், ஆவி நீராகி, கலத்தின் வெப்பமும் அழுத்தமும் ஏறும். ஆவி வேண்டும்போது வாயிலைத் திறந்து அழுத்தத்தைச் சிறிது தணித்தால், கொதிநிலைக்கு மேலிருக்கும் நீர் குபீரென்று ஆவியாகும். உள்ளே நெருப்பு இல்லை, சுழலும் உறுப்பு இல்லை. சேமித்து வைப்பது நீர்தான்.

சேமக்கலம் என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்படிப்பட்ட பொருள்கள் வரும்போதெல்லாம் பேனா சற்று நின்றுவிடும். மேனாட்டார் இதற்கு இட்ட பெயர் குவித்து வைப்பது என்ற பொருள் தருவது. மின்கலத்துக்கு நம் பாடநூலார் முன்பே வழங்கிய சேமக்கலம் என்ற சொல், நம் கருத்தில், அதனினும் நன்று. சேமம் என்பது நலத்தையும் காவலையும் ஒருங்கே சுட்டும். காவல் என்ற பொருள் எத்துணைப் பொருத்தம் என்பது பின்னர் விளங்கும்.

ரூத்ஸின் கலம் ஆலையிலிருந்து மின்நிலையத்துக்கு ஏறியது பெர்லின் மாநகரில். குளிர்கால மாலையில், கடைகளும் தொழிற்சாலைகளும் மூடுவதற்கு முன்பே இருட்டிவிடும் அந்நாட்டில், விளக்குகளும் டிராம் வண்டிகளும் ஆலைகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்டன. அந்த ஓரிரு மணிக்காக மட்டும் புதிய கொதிகலங்கள் கட்டி ஆண்டு முழுவதும் வெறுமனே வைத்திருப்பது வீண்செலவு. எனவே சார்லொட்டன்பர்க் மின்நிலையத்தில் 1929-ஆம் ஆண்டில் 16 சேமக்கலங்களை நிறுத்தி வைத்தனர். கேட்பு குறைந்த நேரத்தில் அவை நிரம்பும். மாலையில் திறந்துவிட்டால் 50 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய ஆவி வெளிப்படும். அக்காலத்துக்கு இது வியப்பான அளவு. ஆனால் விலை மிகுதி. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய எஃகு தடித்ததாயிருக்க வேண்டும். கலம் பெருக்கப் பெருக்க எஃகின் செலவும் ஏறியது. எரிபொருள் மலிந்து, நெடுந்தூர மின்கம்பிகள் ஊர்களை இணைத்த பின்னர், மின்நிலையங்களில் இம்முறை பரவாமலே நின்றுவிட்டது.

அழுத்தமே இல்லாமல், கொதிநிலைக்குக் கீழே, வெறும் வெந்நீரைச் சேமிக்கலாகாதா? மின்சாரத்தை மீட்கவேண்டுமெனில் ஆகாது. வீட்டைச் சூடாக்குவதற்கு மட்டுமெனில் அதுவே போதும். இந்த வேறுபாட்டில்தான் நம் கதையின் திருப்பம் இருக்கிறது. நகரத்துக்குக் குழாயில் செல்லும் நீர் பெரும்பாலும் 100 பாகைக்குக் கீழ்ப்பட்டது. அதனைத் தேக்கி வைக்க மெல்லிய எஃகுத் தொட்டியும் அதனைச் சுற்றிக் கனத்த வெப்பக் காப்பும் இருந்தால் அமையும்.

இதனை ஊரறியச் செய்து காட்டியது இலண்டன். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நான்கு புகைபோக்கிகளோடு நின்ற பாட்டர்சீ மின்நிலையத்தை அன்பர்கள் படங்களில் கண்டிருக்கலாம். அதன் எதிர்க்கரையில் பிம்லிகோ என்னும் பகுதி போரில் குண்டுகளால் சிதைந்தது. அங்கு வெஸ்ட்மினிஸ்டர் நகராட்சி எளிய மக்களுக்காகச் சர்ச்சில் கார்டன்ஸ் என்னும் அடுக்கு வீடுகளை எழுப்பியபோது, வீட்டுக்கு வீடு கரியடுப்பு வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆற்றின் அடியே செல்லும் சுரங்க வழியில் குழாய் அமைத்து, பாட்டர்சீயில் வீணாகும் வெப்பத்தை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டு வந்தனர். 1950-ஆம் ஆண்டில் இத்திட்டம் செயற்படத் தொடங்கியது. வீடுகளின் நடுவே ஏறத்தாழ 41 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம், கண்ணாடி முகப்போடு எழுந்தது. கோபுரத்தினுள் 2,500 கன மீட்டர் வெந்நீர். மின்நிலையம் நாட்டின் கேட்புக்கு ஏற்ப ஓடும். வீட்டார் தங்கள் கடிகாரத்துக்கு ஏற்பக் குளிப்பர். இருவரிடையே அந்தக் கோபுரம் நின்று கணக்குத் தீர்க்கும்.

அது எவ்வளவு வெப்பம் என்று அறிய விரும்புவோர்க்கு ஒரு சிறு கணக்கு. ஒரு கன மீட்டர் நீர் 50 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 58 யூனிட் வெப்பம் தருகிறது. நம் மின்கட்டணச் சீட்டில் காணும் அதே யூனிட்தான். 2,500 கன மீட்டருக்கு 1,45,000 யூனிட். ஒரு தொட்டிக்கு இஃது அற்பமன்று.

அக்குடியிருப்பு எதனைத் தவிர்த்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை ஒரு கரும்பனி மூடியது. இலட்சக்கணக்கான வீட்டுக் கரியடுப்புகளின் புகையும் மின்நிலையங்களின் புகையும் பனியோடு கலந்து தரையோடு படிந்தன. அப்போதைய கணக்கில் சுமார் 4,000 பேர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தோர் அந்த எண்ணிக்கையை 12,000 வரை உயர்த்தினர். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பிம்லிகோவின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பாட்டர்சீயின் புகைபோக்கிகள் எரிந்தன என்பதும் உண்மையே; ஆயினும் ஆயிரம் வீட்டில் ஆயிரம் அடுப்பு எரிவதும் ஓரிடத்தில் உயர்ந்த புகைபோக்கியின்கீழ் எரிவதும் ஒன்றல்ல.

பெரிய கலத்தின் இரகசியங்கள் இரண்டு. வெந்நீர் இலேசானது, குளிர்நீர் கனமானது. ஆகவே மேற்புறம் 90 பாகையிலும் கீழ்ப்புறம் 50 பாகையிலும் உள்ள நீர், ஒன்றோடொன்று கலவாமல் ஒரே தொட்டியில் நிற்கும். நடுவே ஒரு மீட்டர் அளவில் ஓர் எல்லைப் படலம் இருக்கும். வெப்பம் சேர்க்கும்போது எல்லை கீழிறங்கும், எடுக்கும்போது மேலேறும். தொட்டியில் எப்போதும் நீர் ஒரே அளவே. நகர்வது அந்த எல்லை மட்டும். இதற்காக நீரைப் பாய்ச்சும் வாய்களை அகலமாக்கி, ஓசையின்றி மெல்ல நுழையும்படி செய்கின்றனர். வேகமாகப் பாய்ச்சினால் எல்லை குலைந்து, எதற்கும் உதவாத வெதுவெதுப்பான நீரே மிஞ்சும். இரண்டாவது, அளவைப் பற்றியது. தொட்டியின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகும். வெப்பம் கசியும் மேற்பரப்போ நான்கு மடங்கே. நம் வீட்டுத் தவலை பொழுது சாய்வதற்குள் ஆறிப் போகிறது. பெருங்கலம் நாட்கணக்கில் சூடு காக்கிறது.

இந்த அறிவு கைவந்த பின்னும், 1973-ஆம் ஆண்டு வரை உலகம் இதில் பெரிதும் ஈடுபடவில்லை. எண்ணெய் மலிவாயிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டு எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது டென்மார்க் திகைத்து நின்றது. தன் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருந்த நாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடலாகாது என்று ஆணையிட்டனர். வண்டியை நிறுத்தலாம், வடகடற் குளிரில் வீட்டைச் சூடாக்குவதை நிறுத்த முடியுமா? 1976-இல் முதல் ஆற்றல் திட்டம் வகுத்தனர். 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றினர். எந்தப் பகுதிக்கு எந்த வழியால் வெப்பம் வர வேண்டும் என்று ஊராட்சிகள் திட்டமிட்டு வரையறுக்கும்படி அச்சட்டம் செய்தது. வெப்பம் விற்போர் அதில் இலாபம் எடுத்தல் ஆகாது என்ற விதியும் அந்நாட்டில் நிலைபெற்றது. எத்தனையோ சிற்றூர்களில் வெப்பக் குழாய்களின் உடைமையாளர் அவ்வூர் மக்களே. கூட்டுறவுச் சங்கமாக அமைந்து நடத்தினர். சிக்கனம் செய்த பணம் எங்கோ ஒரு பங்குதாரரிடம் போகாமல் வீட்டுக் கட்டணச் சீட்டில் குறைவாகவே திரும்பி வந்தது. டென்மார்க்கில் இத்திட்டம் வேரூன்றியதற்கு எந்த யந்திர நுட்பத்தினும் இவ்விதியே பெருங்காரணம் என்பது நம் துணிபு. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நகர வெப்பக் குழாயோடு இணைந்தவை.

1990-க்குப் பின் சிற்றூர்களில் இயற்கை வாயுவிலும் வைக்கோலிலும் ஓடும் சிறிய இருபயன் நிலையங்கள் பல எழுந்தன. இவற்றிடம் மின்சாரம் வாங்கும் விலையை அரசு மூன்றாகப் பிரித்தது: வேலை நாளில் கேட்பு உச்சமாகும் மணிகளில் மிக உயர்ந்த விலை, மற்ற பகல் மணிகளில் நடுத்தர விலை, இரவிலும் விடுமுறை நாளிலும் தாழ்ந்த விலை. கட்டடம் கட்டுவோர்க்கு இந்த விலைப் பட்டியலே ஆசானாயிற்று. தேவைக்குச் சற்றுப் பெரிய யந்திரத்தை வாங்கி, அருகில் ஒரு வெந்நீர்த் தொட்டியையும் நிறுத்தினர். விலை உயர்ந்த மணிகளில் முழு வேகத்தில் ஓட்டி மின்சாரத்தை விற்பர். மிஞ்சிய வெப்பம் தொட்டியில் சேரும். இரவில் யந்திரத்தை நிறுத்திவிடுவர். ஊர் தொட்டியிலிருந்து சூடு பெறும். ஊரில் எவரும் வேறுபாட்டை உணர்ந்ததில்லை. பெரிய நகரங்களும் இதனையே பேரளவில் செய்தன. கோபன்ஹேகனுக்குத் தெற்கே கடலோரத்தில் அவெடர மின்நிலையத்தின் முதற்பகுதி 1990-இலும் இரண்டாம் பகுதி 2001-இலும் வந்தன. அங்கு நிற்கும் இரு கலங்களின் மொத்தக் கொள்ளளவு 44,000 கன மீட்டர். மேற்சொன்ன கணக்கின்படி ஏறத்தாழ 25 இலட்சம் யூனிட் வெப்பம் அதில் அடங்கும்.

இதுவரை சொன்னதில் தொட்டியின் பணி, யந்திரத்தை வேண்டிய மணியில் ஓட்டுவது. அதனை வேண்டாத மணியில் நிறுத்துவது என்னும் மற்றொரு பணி பின்னர் வந்தது. அதனைக் கொண்டு வந்தது காற்று. டென்மார்க் 1991-இல் விண்டெபி என்னும் இடத்தில் கடலினுள் 11 காற்றாலைகளை நிறுவியது. உலகில் கடலில் நின்ற முதல் காற்றாலைத் தொகுதி அதுவே. 2017-இல் அது கழற்றப்பட்டது. இடையே நிலத்திலும் நீரிலும் காற்றாலைகள் பெருகி, 2019-ஆம் ஆண்டில் நாட்டின் மின்தேவையில் நூற்றுக்கு 47 பங்கு காற்றிலிருந்தே கிடைத்தது.

இங்கு ஒரு விந்தையான இடையூறு தோன்றிற்று. குளிர்கால இரவு, புயற்காற்று வீசுகிறது, காற்றாலைகள் முழு வேகத்தில் சுழல்கின்றன, மக்கள் உறங்குவதால் மின்சாரத்தைக் கொள்வார் இல்லை. இருபயன் நிலையத்தை நிறுத்தலாம் என்றால், வீடுகள் குளிரில் உறையும். சூட்டுக்காக அதனை ஓட்டினால், ஏற்கனவே மிஞ்சிய மின்சாரத்தோடு மேலும் மின்சாரம் வந்து சேர்கிறது. இதன் முடிவு, மின்சாரத்தை எடுத்துச் செல்வோர்க்குப் பணமும் கொடுக்கும் நிலை. வடநாடுகளின் மின்சந்தை 2009-ஆம் ஆண்டு இறுதியில் சுழியத்துக்கும் கீழ்ப்பட்ட விலையை முறையாகவே ஏற்றுக் கொண்டது. மோர் மிகுந்து போன வீட்டில் குடித்தவனுக்கு மேற்கொண்டு கூலியும் கொடுத்த கதைதான்.

தொட்டி உள்ள நிலையத்துக்கு இந்தத் தவிப்பு இல்லை. காற்று பலமாக வீசும் இரவில் யந்திரத்தை அணைத்துவிட்டுத் தொட்டியைத் திறந்தால் போதும். மறுபுறம், காற்று அடங்கிய மாலையில் நகரம் மின்சாரம் கேட்டுத் துடிக்கும்போது, வெப்பத்துக்காக ஒதுக்கும் ஆவியையும் சுழலிக்கே திருப்பிவிட்டு, வீடுகளைத் தொட்டியிடம் ஒப்படைக்கலாம். அதாவது ஒரே கலம் நிலையத்தை ஓயவும் செய்கிறது. முழு வலுவோடு ஓடவும் செய்கிறது. இத்தோடு நில்லாமல், தொட்டியின் அருகே பெரிய மின்சாரக் கொதிகலங்களையும் வைத்தனர். மிஞ்சிய காற்று மின்சாரம் வெந்நீராகித் தொட்டிக்குள் போயிற்று. மின்சாரம் ஆக்கும் நிலையமே சில மணிகளில் மின்சாரம் உண்ணும் நிலையமாயிற்று. 1990-களில் விலைப் பட்டியலைப் பார்த்துத் தொட்டி கட்டிய சிற்றூர்ச் சங்கத்தார் இதனைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தொட்டி இல்லாவிடின் நேர்வது என்ன என்பதற்குச் சீனத்தின் வடகிழக்கு ஓர் எடுத்துக்காட்டு. கடுங்குளிர் கொண்ட ஜிலின் மாநிலத்தில் நிலக்கரி இருபயன் நிலையங்கள் ஏராளம். நகரங்களைச் சூடாக்க அவை குளிர்காலம் முழுவதும் ஓயாமல் ஓடியாக வேண்டியிருந்தது. காற்றாலைகளும் ஏராளமாக நிறுவப்பட்டன. ஆனால் கம்பியில் அவற்றுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டில் அம்மாநிலக் காற்றாலைகள் தரக்கூடிய மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கு எடுக்கப்படாமலே வீணாயிற்று. காற்று வீச, ஆலை நிற்க, அருகே கரி எரிந்தது. அவ்வாண்டில்தான் சீன அரசு நிலக்கரி நிலையங்களை நெகிழச் செய்யும் முன்னோடித் திட்டங்களை அறிவித்தது. வெந்நீர்த் தொட்டிகளும் மின்சாரக் கொதிகலங்களும் அவற்றில் இடம்பெற்றன.

ரூத்ஸின் கலங்கள் நின்ற பெர்லினும் மீண்டும் இத்துறைக்குத் திரும்பியது. அந்நகரின் ராய்ட்டர் வெஸ்ட் இருபயன் நிலையத்தில் 2019-இல் 120 மெகாவாட் மின்சாரக் கொதிகலமும், பின்னர் அதன் அருகே 45 மீட்டர் உயரத்தில் 5 கோடியே 60 இலட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியும் எழுந்தன. தொட்டி 2023-ஆம் ஆண்டில் பணிக்கு வந்தது. அதே ஆண்டில் டென்மார்க்கில் ஹொய்யெ டாஸ்ட்ரப் என்னும் இடத்தில், எஃகுத் தொட்டிக்குப் பதிலாக நிலத்தில் தோண்டிய பெருங்குழியில் 70,000 கன மீட்டர் வெந்நீரைத் தேக்கி, மேலே மிதக்கும் காப்பு மூடியிட்டு, கோபன்ஹேகனின் வெப்பக் குழாயோடு இணைத்தனர். நம் ஊர்க் குளத்துக்கு ஒரு போர்வை போர்த்தியது போன்ற காட்சி.

இவ்வளவும் சொல்லி, இதன் குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தொட்டி புகையைப் போக்காது. உள்ளே எரிவது கரியாயிருந்தால், தொட்டி அதனை எரிக்கும் நேரத்தை மாற்றித் தருமே அன்றிக் கரியை மாற்றாது. மேலும் அவெடரவின் கலங்கள்கூடக் கடுங்குளிரில் பெருநகருக்குச் சில மணிகளுக்கே தாங்கும். ஒரு வாரம் காற்று அடங்கினால் அடுப்பையே நம்ப வேண்டும். இதனை மறைத்துப் பேசுவோர் சேமக்கலத்துக்கு நன்மை செய்பவர் அல்லர்.

நம் நாட்டின் நிலை சற்று வேறு. சமவெளியில் நகரங்களுக்குச் சூடு வழங்கும் வழக்கம் இல்லாததால் வெந்நீர்க் கோபுரம் நமக்கு நேராக உதவாது. ஆனால் இடையூறு நம் வாயிலுக்கும் வந்துவிட்டது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது நிலக்கரி நிலையங்கள் தாழ்ந்து கொடுக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டில் மத்திய மின்சார ஆணையம் வகுத்த விதிகள், நிலக்கரி அலகுகள் தம் வலுவில் நூற்றுக்கு 55 பங்கு வரை தணிந்து ஓடவும், பின்னர் படிப்படியாக 40 பங்கு வரை தணியவும் பணித்தன. நாம் வேண்டுவது சூடன்று, குளிர்ச்சி. சூரியன் மிகுந்த வேளையில் நீரைக் குளிர்வித்துத் தேக்கி, மாலையில் பெரிய கட்டடங்களுக்கு வழங்குவது இதே கலத்தின் மறுபக்கம்.

அடுப்பு மாறும்போது கலம் என்னாகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் எஸ்பியர்க் நகரத்தின் நிலக்கரி நிலையம் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்நகரம் கடல்நீரிலிருந்து வெப்பத்தை ஈர்க்கும் பெரும் யந்திரத்தை அமைத்தது. வெப்பக் குழாய்கள் அவையே. வெப்பம் வரும் இடமே மாறிற்று.

பிம்லிகோவில் இது வெகு முன்பே நிகழ்ந்தது. பாட்டர்சீ நிலையத்தின் கடைசிப் பகுதி 1983-இல் நின்றுபோனது. ஆற்றின் அடியே வந்த வெப்பமும் அத்தோடு நின்றது. நகராட்சி இக்கரையிலேயே கொதிகலங்கள் அமைத்துக் கோபுரத்தை நிரப்பியது. பின்னர் வாயுவில் ஓடும் சிறிய இருபயன் யந்திரங்களும் சேர்ந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதனோடு இணைந்தவை. பாட்டர்சீயின் நான்கு புகைபோக்கிகளின்கீழ் 2022 அக்டோபரில் கடைவீதி திறக்கப்பட்டது. மக்கள் அங்குத் துணியும் காப்பியும் வாங்குகின்றனர். எதிர்க்கரையில் கண்ணாடி முகப்புக் கோபுரத்தினுள், மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக, 2,500 கன மீட்டர் நீர் காலைக் குளியலுக்காகக் காத்து நிற்கிறது.